நதிப் பிரிவின் கடைசி ஆட்டம்

செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஹார்லன் வைஸ் பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் நேராக ஆட்டத் தரைக்கு வந்துவிட்டார். வேறு யாராவது பூட்ஸோடு அந்தப் பலகைத் தரையில் கால் வைத்தால் வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனிதர் அவர். விதைச்சோளம் விற்றுச் சம்பாதித்த பணத்தில் அயோவா மாநிலத்து வாட்டர்லூ ஊரின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு முதலாளி ஆனவர். பனி உருகிப் பலகையில் ஓடுவதைப் பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று மார்லிஸ் ஸ்வோபடாவுக்குத் தோன்றிவிட்டது.

"எல்லாரும் இப்படி வாங்கம்மா," என்றார் வைஸ். "லீக் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. இன்னைக்குக் காலையிலேருந்து நதிப் பிரிவு கிடையாது."

யாருக்கும் விளங்கவில்லை. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற ஜெரால்டின் ப்ரைஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். மெம்ஃபிஸ்காரி. அவளுக்கு வாய் எப்போதும் காலைவிட ஒரு அடி முன்னால் ஓடும்.

"கிடையாதுன்னா? ஆத்தோட அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சா?"

"விளையாடாதம்மா. பியோரியா அணிய மூடிட்டாங்க. ஒமாஹாவையும் நேத்து சாயங்காலம் மூடிட்டாங்க. ரெண்டு அணிய வச்சுக்கிட்டு ஒரு பிரிவு எதுக்குன்னு கலைச்சுட்டாங்க. இனிமே கடற்கரைப் பிரிவு, நதிப் பிரிவுன்னு ரெண்டு இல்ல. எல்லாருக்கும் ஒரே பட்டியல். அதுல முதல் நாலு பேர் இறுதிச் சுற்றுக்குப் போவாங்க."

"நாமதான் முதல்ல இருக்கோமே," என்றாள் மார்லிஸ். "நாமளும் டாவன்போர்ட்டும் சமம். சனிக்கிழமை ஜெயிக்கிறவங்க பிரிவுக்கு சாம்பியன். அதானே கணக்கு?"

வைஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "மூடின அணியோட ஆடின ஆட்டமெல்லாம் இப்ப செல்லாதாம். பியோரியாவ, ஒமாஹாவ நாம ஜெயிச்சது அத்தனையும் எடுத்துட்டாங்க. இப்ப நாம அஞ்சாவது."

"டாவன்போர்ட்?"

"நாலாவது."

கணக்கு மார்லிஸுக்குள் மெல்ல இறங்கியது. பியோரியாவிடமும் ஒமாஹாவிடமும் வாட்டர்லூ ஒருமுறைகூடத் தோற்றதில்லை. டாவன்போர்ட்காரிகள்தான் அந்த இரண்டு நோஞ்சான் அணிகளிடமும் போய் உதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது வாட்டர்லூவின் வெற்றிகள் அழிந்தன, டாவன்போர்ட்டின் தோல்விகள் அழிந்தன. ஒழுங்காக ஆடியவளுக்குத் தண்டனை, சொதப்பியவளுக்குப் பரிசு.

"அப்போ சனிக்கிழமை ஜெயிச்சா?"

"ஜெயிச்சாலும் அஞ்சாவதுதான். எட்ட முடியாது. டிக்கெட் வித்தாச்சு, அதனால ஆட்டம் மட்டும் நடக்கும். சும்மா ஒரு காட்சி ஆட்டம்னு வச்சுக்குங்க."

"காட்சி ஆட்டமா!" என்றாள் மார்லிஸ். "பியோரியாவுல என் பல்லு ஆடிச்சே, அதுவும் காட்சிதானா? இதோ, இன்னும் ஆடுது. இதையும் செல்லாதுன்னு எடுத்துருவாங்களா?"

தரையில் ஓடிய தண்ணீரை அப்போதுதான் பார்த்தவர் போல வைஸ் யாரையோ துடைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டு வயிறு எரியாதவர்களுக்கு நதிப் பிரிவு எப்படி உயிர் வாழ்ந்தது என்று தெரியாது. மூன்று குளிர்காலம் நடந்தது அது. சீடர், மிசிசிப்பி, மிசௌரி, இல்லினாய் என்று ஆளுக்கொரு ஆற்றங்கரையில் நாலு ஊர், நாலு அணி. பெண்கள் காசு வாங்கிக்கொண்டு பந்து ஆடுவதா என்று உலகமே சிரித்த காலம். கடற்கரைப் பிரிவுக்காரிகள் பெரிய நகரங்களில் வெளிச்சம் போட்ட அரங்கங்களில் ஆடினார்கள். நதிப் பிரிவுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. வாட்டர்லூவின் சொந்த அரங்கமே கால்நடைக் கண்காட்சி மைதானத்துக் கட்டடம்தான். கோடையில் காளைகளுக்குப் பரிசு கொடுக்கும் இடம். குளிர்காலத்தில் ஆண்கள் அங்கே பனி ஹாக்கி ஆடுவார்கள், அந்தப் பனிக்கட்டியின் மேலேயே பலகையைப் பரப்பிப் பெண்களை ஆட விடுவார்கள். ஷூவைத் தாண்டிக் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறும். பியோரியா முதலாளி சவ அடக்கம் நடத்துபவர். அவருடைய பெண்கள் ஊர் ஊராக ஆடப் போனது பிண ஊர்வலத்துக்கான கறுப்புக் கார்களில்தான். நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வார்கள் என்று அந்தப் பெண்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

இரண்டாவது வருடம் லீக் ஆபீஸ் ஒரு அம்மாளை அனுப்பிவைத்தது. பந்துக்கும் அந்த அம்மாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உதட்டுச் சாயம் எப்படிப் பூசுவது, தலையில் புத்தகம் வைத்துக்கொண்டு எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுக்க வந்தவள். நதிப் பிரிவுப் பெண்கள் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறார்களாம். ஜெரால்டின் தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டே ஓடிப்போய்க் கூடை போட்டாள். புத்தகம் விழவில்லை. அந்த அம்மாள் அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஆடினார்கள். பனிப்புயலில் பஸ் சிக்கி, எவனோ ஒரு பண்ணைக்காரன் வீட்டில் இரண்டு அணிகளும் சேர்ந்தே படுத்து, மறுநாள் எழுந்துபோய் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டு ஆடினார்கள். அதைத்தான் போனில் நாலு வார்த்தை பேசி இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

மார்லிஸுக்கு அந்தப் பட்டம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள ஸ்பில்வில்லுக்குப் போக வேண்டும். அவள் பிறந்த ஊர். அயோவாவின் சின்ன ஊர்களில் பள்ளிப் பெண்கள் ஆடும் ஆட்டமே வேறு. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் கூடை போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். நடுவில் ஒரு கோடு. யாரும் அதைத் தாண்டக் கூடாது. தடுக்கிறவள் பந்தைப் பிடுங்கினால் கோடு வரைக்கும் கொண்டுவந்து அந்தப் பக்கம் நிற்கிறவளிடம் எறிய வேண்டியதுதான். அத்தோடு அவள் வேலை முடிந்தது. பிறகு கோட்டின் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, மற்றவள் கூடை போடுவதை வேடிக்கை பார்க்கலாம். மார்லிஸ் தடுக்கிறவள். பள்ளிக்கூடத்தில் இருந்தவரை ஒரு கூடைகூடப் போட்டதில்லை. போட விடவே மாட்டார்கள்.

மாநிலப் போட்டியில், ஊர் ஊராகக் கடையை அடைத்துவிட்டு ஜனம் வந்து குவிந்த அரங்கத்தில், டார்லா ஹைன்ஸ் என்கிற கூடைப் புலியைத் தடுக்கும் வேலை மார்லிஸுக்கு வந்தது. டார்லா பந்து எடுத்தால் கூடைதான் என்று மாநிலமே பேசிக்கொண்டிருந்த சமயம். மார்லிஸ் அவளை நகர விடவில்லை, மூச்சு விட விடவில்லை. ஸ்பில்வில் ஜெயித்தது. மறுநாள் பத்திரிகையில் என்ன போட்டிருந்தான் தெரியுமா? 'டார்லா ஹைன்ஸுக்கு நேற்று உடல்நிலை சரியில்லை போலும்.' மார்லிஸின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் அம்மா அந்தப் பத்திரிகையை அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள்.

ஐந்து பேர் ஆடும் முழு ஆட்டத்துக்கு, காசு கொடுக்கும் லீக்குக்கு, மார்லிஸ் வந்தது அதற்கப்புறம்தான். முதல் வருடம், பியோரியாவில் முதல் ஆட்டம். பந்தைப் பிடுங்கினாள். எதிரே ஈ காக்கை இல்லை, வெறும் தரை. ஓடினாள். நடுக்கோடு வந்ததும் கால் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் எறிய ஆள் தேடிக்கொண்டு நிற்கிறாள். பியோரியா ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"என்னடி, பாஸ்போர்ட் இல்லையா?" என்று ஜெரால்டின் பின்னாலிருந்து கத்தியது கடைசி வரிசைக்கும் கேட்டது.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'பாஸ்போர்ட்'. தினமும் பயிற்சி முடிந்த பிறகு ஜெரால்டின் அவளைப் பின்னாலிருந்து துரத்துவாள். "தாண்டுடி! போலீஸ் இல்ல, தாண்டு!" என்று விரட்டி விரட்டித்தான் அந்தக் காலைப் பழக்கினாள். இரண்டாவது வருடம் மார்லிஸ் தானே ஓடிப்போய் முதல் கூடை போட்ட அன்று ஜெரால்டின் பெஞ்சிலிருந்து குதித்து வந்து அவளைத் தூக்கிச் சுற்றினாள். ஆனாலும் கோட்டுக்குப் பக்கத்தில் வரும்போது அவள் இடது கால் ஒரு கணம் யோசிக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், ஜெரால்டினுக்குத் தெரியும்.

ஜெரால்டினுக்குத் தையல் கைவந்த கலை. ஜனவரியிலிருந்தே பஸ்ஸில் ஒரு பெரிய நீலத்துணியை மடியில் போட்டுக்கொண்டு தைத்துவந்தாள். 'நதிப் பிரிவு சாம்பியன், 1981' என்று வெள்ளை எழுத்து. அரங்கத்தின் உத்தரத்தில் தொங்கப்போகிற பேனர். மேலே அணியின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

"வாட்டர்லூன்னு இப்பவே தச்சிடேன்," என்று மார்லிஸ் பலமுறை கேட்டுப் பார்த்தாள்.

"மொதல்ல ஜெயி. எங்கம்மா பொறக்காத புள்ளைக்குப் பேர் வைக்க மாட்டா, நானும் வைக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து மிளகாய் சூப்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட உட்கார்ந்தபோது கோச் லைல் அந்தத் துணியைப் பார்த்து, "பாவம், நல்ல துணி. மேஜை விரிப்பா ஆக்கிக்கலாம்," என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் அல்ல. பேசத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"கோச், அதுல ஒரு தட்ட வச்சுப் பாருங்க," என்றாள் ஜெரால்டின். "கை இருக்காது."

மார்லிஸ் ரொட்டியைத் தொடவில்லை. "நான் சனிக்கிழமை ஆடுறேன்," என்றாள். "அவங்க இஷ்டத்துக்குக் காட்சின்னு சொல்லட்டும். நான் பிரிவுக்காகத்தான் ஆடுறேன். எவ ஜெயிக்கிறாளோ அவதான் நதிப் பிரிவு சாம்பியன். லீக் சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி."

"நீயா பட்டம் குடுத்துக்குவியா?" என்றார் கோச்.

"ஆடுனது நாங்கதானே? பின்ன யாரு குடுக்கணும்?"

சனிக்கிழமை மாலை ஜனம் நிறையவே வந்திருந்தது. ட்ராக்டர் ஆலையில் வேலை முடிந்து வந்தவர்கள், பண்ணைகளிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்கள். செய்தி தெரிந்தே வந்தார்கள். தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் கூட வந்தார்கள் என்றும் சொல்லலாம். அந்த வாரம் பள்ளிப் பெண்களின் மாவட்டப் போட்டி அதே தரையில் நடந்திருந்தது. நடுக்கோட்டின் மேல் அவர்கள் ஒட்டிய அகலமான சிவப்பு நாடாவை யாரும் பிடுங்கியிருக்கவில்லை. ஜெரால்டின் குனிந்து நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினாள்.

"விட்டுடு," என்றாள் மார்லிஸ்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. உனக்குத்தான்."

"சின்னப் புள்ளைங்க ஒட்டினது. இருந்துட்டுப் போகட்டும். இப்பல்லாம் நான் நிக்கிறதில்ல."

உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் லீக் தலைவர் ட்ராஸ்க் நின்றிருந்தார். ஒட்டக ரோமக் கோட்டு, பளபளக்கிற ஷூ. டாவன்போர்ட்டுக்கு இறுதிச் சுற்று அழைப்பை ஜனத்தின் முன்னால் கொடுப்பதற்காக வந்திருந்தார். அதுவும் யாருடைய ஊரில்? வாட்டர்லூவில். மனிதனுக்கு வெட்கம் என்று ஒன்று கடவுள் வைக்கவில்லை போல.

மார்லிஸ் நேராகப் போய் அவர் எதிரில் நின்றாள். "எங்க வெற்றியெல்லாம் எங்க சார் போச்சு?"

"கோபப்படாதம்மா," என்று அவர் சிரித்தார். போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு. "பிரிவுங்கறது என்ன? நாங்க ஆபீஸ்ல வரைபடத்துல பென்சிலால போட்ட ஒரு கோடு. தேவைன்னு போட்டோம், தேவையில்லன்னு அழிச்சோம். கோட்டுக்காகப் போய் யாராவது அழுவாங்களா?"

மார்லிஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நீங்க கோடு போட்டீங்க, நாங்க அதுக்குள்ள ஓடுனோம். கால் ஒடிய ஓடுனோம். பியோரியாவுல ஆடினதப் பார்க்க நீங்க ஒரு நாளாவது வந்தீங்களா?"

"எனக்கு அங்க வேலை இருந்ததில்லம்மா."

"எங்களுக்கு இருந்துச்சு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அங்கே நின்றால் கை நீண்டுவிடும் என்று பயந்து எதிர் அணியின் அறைக் கதவைத் தட்டினாள். டார்லா ஹைன்ஸ்தான் திறந்தாள். ஆமாம், அதே டார்லா. இப்போது டாவன்போர்ட்டின் கேப்டன். கையில் காபி டம்ளரோடு, பயிற்சிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள்.

"இன்னும் டிரஸ் மாத்தலையா?" என்றாள் மார்லிஸ்.

"எங்க முதலாளி உக்காரச் சொல்லிட்டாரு. இறுதிச் சுற்றுக்கு உடம்ப பத்திரமா வச்சுக்கணுமாம். மொத அஞ்சு பேரும் பெஞ்சுலதான்."

"அப்போ யாரோட ஆடுறது நான்? பந்து பொறுக்குற பசங்களோடயா?"

"என்னைக் கேட்டா கலைச்சாங்க மார்லிஸ்?" டார்லாவின் குரலும் சூடாகத்தான் இருந்தது. "தோத்ததுக்குப் பரிசு குடுக்குறாங்க எங்களுக்கு. அது எனக்கு இனிக்குதுன்னு நெனைக்கிறியா?"

"இனிக்கலேல்ல? அப்போ ஆடு. நம்ம பிரிவு இன்னைக்கு ராத்திரி முடியுற வரைக்கும் இருக்கு. நீயும் நானும் ஆடுனா இருக்கு. நீ உக்காந்துட்டா அந்தாளு சொன்னதுதான் நெசம், வெறும் பென்சில் கோடு."

டார்லா காபியைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "நான் உக்காந்துட்டா நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான் தெரியுமா? டார்லாவுக்கு உடம்பு சரியில்லன்னு."

"போடுவான், போடுவான்."

"அன்னைக்கு எனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் டார்லா. "நீதான்டி என்னை நகர விடல. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றினாள்.

ஆட்டம் அப்படி ஒரு ஆட்டம். டாவன்போர்ட் முதலாளி பெஞ்சுக்குப் பின்னால் நின்று கையைக் காலை ஆட்டிப் பார்த்தார். அவர் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட ஒருத்தியும் தயாராக இல்லை. ஜெரால்டின் மூலையிலிருந்து எறிந்ததெல்லாம் விழுந்தது. டார்லா மார்லிஸின் தோளில் முட்டி முட்டிக் கூடை போட்டாள். மார்லிஸ் அவள் சட்டையோடு சட்டையாக ஒட்டிக்கொண்டு திரிந்தாள். ஆடுகிற பல் மறுபடி இடிபட்டு வாயில் ரத்தம். துப்பிவிட்டு ஆடினாள். கோச் லைல் எப்போதும் உட்கார்ந்தே ஆட்டம் பார்ப்பவர், அன்று ஒரு நிமிடம் உட்காரவில்லை. ஜனம் நின்றுகொண்டே பார்த்தது. காட்சி ஆட்டத்துக்கு யாராவது அப்படித் தொண்டை கிழியக் கத்துவார்களா? ட்ராஸ்க் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் டாவன்போர்ட் ஒரு புள்ளி முன்னால். பந்தும் அவர்களிடம். கடிகாரத்தில் இன்னும் சில வினாடிகள்தான். அவர்கள் பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தை ஓட்டினால் போதும். டார்லாவுக்கு வந்த பந்தின் குறுக்கே மார்லிஸ் கையை விட்டாள்.

பந்து அவள் கையில்.

எதிரே ஒருத்தரும் இல்லை. கூடை வரைக்கும் வெறும் தரை. அரங்கமே ஒரே குரலாகக் கத்தியது. அவள் ஓடினாள். போட்டால் ஜெயம். வருடம் பூராவும் ஆடியதற்கு, பண்ணைக்காரன் வீட்டுத் தரையில் படுத்ததற்கு, கொளுத்திய பத்திரிகைக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு கூடை. பலகை அதிர்ந்தது. சிவப்பு நாடா கண்ணில் பட்டது.

கால் நின்றுவிட்டது.

ஒரு மூச்சு நேரம்தான். அதற்கு மேல் இல்லை. எறிவதற்கு ஆள் இருக்கிறதா என்று அவள் தலை நிமிர்ந்தது. பின்னாலிருந்து டார்லாவின் கை வந்து பந்தைத் தட்டியது. பந்து உருண்டு ஓரத்துக்குப் போனது. மணி அடித்துவிட்டது.

பியோரியாவில் அன்று சிரித்தார்கள். இங்கே ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அந்த அரங்கத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அந்தக் கோட்டோரம் நின்றவர்கள். அவளுடைய கால் ஏன் நின்றது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு தன் காலையே பார்த்தாள்.

ஜெரால்டின் ஓடிவந்தாள். மார்லிஸ் சிவப்பு நாடாவின் மேல் குந்தி உட்கார்ந்திருந்தாள். "நான் பிச்சுப் போட்டிருக்கணும்டி," என்றாள் ஜெரால்டின். "நீ சொன்னேன்னு விட்டேன். என் தப்பு."

"உன் தப்பு இல்ல. என் காலு." மார்லிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா கண்ணீரா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், இரண்டும்தான்.

அதற்குள் ட்ராஸ்க் மைக்கோடு தரைக்கு வந்துவிட்டார். அழகான ஒரு காட்சி ஆட்டம் பார்த்தோம், இரண்டு அணிகளுக்கும் ஒரு கைதட்டல் என்று என்னென்னமோ பேசினார். பிறகு மைக்கைத் தாழ்த்திக்கொண்டு மார்லிஸின் தோளில் கை வைத்தார். ஆறுதல் சொல்ல வந்தாராம்.

"மனசுல வச்சுக்காதம்மா. இந்த ஆட்டம் கணக்குலயே இல்ல. நீ தோக்கவே இல்ல."

அவள் எழுந்து நின்றாள். அவர் கையை எடுத்துக் கீழே விட்டாள். அவர் மறு கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். அதை எதிர்பார்க்காத மனிதர் அப்படியே கையை நீட்டியபடி நின்றார்.

"நதிப் பிரிவோட கடைசி ஆட்டத்துல டாவன்போர்ட் ஜெயிச்சாங்க," என்றாள். குரல் கூரை வரைக்கும் போனது. "நாங்க தோத்தோம். என் கால் நின்னதால தோத்தோம். பேப்பர்க்காரங்க இருந்தா ஒழுங்கா எழுதுங்க. எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."

ட்ராஸ்க் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதருகே வந்தார். "எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? உனக்குத்தானே அவமானம்?"

மார்லிஸ் அவரைப் பார்த்துச் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"நாங்க ஜெயிச்சதையெல்லாம் எடுத்துக்கிட்டீங்க. இந்தத் தோல்விய மட்டும் தொடாதீங்க. இது என்னுது."

முதலில் மூன்றாவது வரிசைப் பெண் எழுந்தாள். அப்புறம் அவள் பக்கத்தில் இருந்தவர்கள். யாரும் கத்தவில்லை, கைதட்டினார்கள். ஹார்லன் வைஸும் தட்டினார். அவர் கண்ணைத் துடைத்ததையும் சிலர் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் கேட்டபோது சோளத் தூசி என்றார்.

ஜெரால்டின் உள்ளே போய் நீலத்துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். மார்லிஸ் அதை வாங்கி டார்லாவிடம் நீட்டினாள். டார்லா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மார்லிஸ். எங்களுக்கு இறுதிச் சுற்று கிடைச்சாச்சு. இது உங்க ஊர்ல இருக்கட்டும்."

"இறுதிச் சுற்று அவங்க குடுத்தது. இது நீ ஜெயிச்சது. நீ வாங்கிக்கலேன்னா நான் எத தோத்தேன்?"

டார்லா இரண்டு கையாலும் துணியை வாங்கி, விரித்துப் பார்த்தாள். "இங்க பேரு இல்லையே," என்றாள்.

"இரு, இரு," என்று ஜெரால்டின் ஊசிப்பெட்டியைத் திறந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "வாட்டர்லூன்னு எழுத்தெல்லாம் வெட்டி வச்சிருக்கேன், அத எந்த அடுப்புல போடுறதோ. மூணு வருஷம் உன்னை விரட்டி விரட்டிப் பழக்கினேன், பாஸ்போர்ட். கடைசில நான் டாவன்போர்ட்டுக்குத் துணி தைக்கிறேன் பாரு."

மார்லிஸுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், மறுமுனையை டார்லா பிடித்தாள். டாவன்போர்ட் பஸ் வெளியே பனியில் எஞ்சினை ஓட்டிக்கொண்டே காத்திருந்தது. அவர்கள் முதலாளி இரண்டு முறை உள்ளே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. ட்ராஸ்க் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடைசி எழுத்தையும் தைத்து முடித்து, ஜெரால்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு கையாலும் துணியை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். தையல் அசையவில்லை.

"ம், இப்ப எவன் வந்து இல்லேன்னு சொல்றான் பாப்போம்," என்றாள்.